நந்தனா சுருட்டிய சுஷி

ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் கைவசம் இருந்தது. அது சாப்பாடு. "நாம சைவமுல்லா மக்கா. அங்க எல்லாத்துலயும் மீனு. நீ என்னத்தத் திம்பே?" என்று கேட்டுக் கேட்டே நாளைக் கடத்தினேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

நந்தனா என்னிடம் வாதாடவில்லை. அடுக்களையில் சுஷி செய்ய இறங்கிவிட்டாள். 'கொள்ளாம்' என்று ஒரு நல்ல வார்த்தை என் வாயில் வந்துவிட்டால் அவள் போய்விடுவாள். எதைத் தந்தாலும் முகத்தைச் சுளிப்பது என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தேன்.

வெளியே சாரல். தாடகை மலை மேகத்துக்குள் போயிருந்தது. பூதப்பாண்டி ஊரே பாதித் தூக்கத்தில் கிடந்தது. குழைய வெந்த பச்சரிசிச் சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து அவள் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் புளித்த வாசத்தில் எனக்குக் கண் செருகியது. மூங்கில் பாய் இல்லாததால் வாழையிலையை அனலில் வாட்டி விரித்து, அதன்மேல் கறுத்த தாள் ஒன்றை வைத்தாள். "கடல்பாசியாக்கும்" என்றாள்.

"கடல்ல உள்ளது எப்பிடிட்டி சைவமாவும்?"

"உப்பும் கடல்லதானப்பா வருது."

சோற்றைப் பரப்பி, வெள்ளரிக்காயும் மாம்பழமும் நீளமாக வைத்து, இலையோடு சுருட்டி, இலையை உரித்து, வில்லை வில்லையாக நறுக்கினாள். தட்டின் ஓரத்தில் பச்சை விழுது ஒரு பொட்டு. "அது வசாபி. மூக்குல ஏறும், கண்ணு கலங்கும். பாத்துத் தொடணும்."

முதல் வில்லையை வாயில் போட்டேன். புளிப்பு, இனிப்பு, பின்னால் மெல்ல ஒரு உப்புக்காற்று. பாழாய்ப்போன நாக்கு இன்னொன்று கேட்டது. ஒவ்வொன்றாகத் தின்றபடியே கண்ணை மூடினேன். பனி பெய்யும் ஊர். சத்தமே இல்லாமல் ஒரு ரயில் வந்தது. சன்னலோரம் நந்தனா, மடியில் டிபன் பாக்ஸ், உள்ளே இதே சுஷி. பக்கத்தில் இருந்த கிழவி எட்டிப் பார்க்க, இவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். இருவரும் சிரித்தார்கள். என் மகள் அங்கே நன்றாகவே இருந்தாள். அந்த ரயில் முழுக்கத் தேடினேன், நான் மட்டும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"என்னப்பா?"

"உன் வசாபிதாம்ட்டி. என்னா காரம்!"

அவள் தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுஷி எல்லாம் தீர்ந்திருந்தது. பச்சைப் பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

நந்தனா என்னருகில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். அவள் அம்மா தாணம்மாள் இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "நீ இல்லாம நான் எப்பிடிட்டி?" என்று கேட்டேவிட்டேன். ஆரம்பத்திலிருந்தே காரணம் அதுதான்.

"அப்போ நான் போவண்டாமாப்பா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "கொள்ளாம் மக்கா. நல்லாக் கொள்ளாம். அங்க உனக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வராது. போயிட்டு வா."

பிறகு அந்தப் பச்சை விழுதை மொத்தமாக வழித்து வாயில் போட்டுக்கொண்டு, தாராளமாக அழுதேன்.