எதிராளியின் வாயால்

அக்கா காய்கறிச் சந்தையில் ஏலம் கூப்பிடுகிறவள். கூப்பிட்டவள் என்று சொல்ல வேண்டும். கழுத்துக் கட்டியை எடுத்த நாளிலிருந்து அவளுக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "குரல் நரம்பு சில பேருக்கு இடம் மாறியிருக்கும்மா, உங்க உடம்பு வாகு அப்படி" என்று டாக்டர் கைகழுவிவிட்டார். பிறகு விசாரித்ததில், கத்தி வைக்குமுன் அந்த நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம், அதுதான் அந்தத் தொழிலின் பாலபாடமாம். அவர் தேடினாரா? அக்காவுக்கு அந்த ஒன்றுதான் தெரிய வேண்டும். தன் உடம்பைத் திட்டுவதா, அந்த ஆளைத் திட்டுவதா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி எப்படித் தூங்குவாள்?

வழக்குப் போட்டோம். அலட்சியத்தில் எங்கள் வக்கீல் டாக்டரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். ஜூனியர் போவான் என்று சீனியர் இருப்பார், சீனியர் போவார் என்று ஜூனியர் இருப்பான். வாய்தா மேல் வாய்தாவாக எங்கள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

அன்றும் இருவரும் வரவில்லை. "இன்னிக்கும் சாட்சி இல்லன்னா வழக்க முடிச்சுடுவேன்" என்றார் நீதிபதி. அக்கா விறுவிறுவென்று போய்க் கூண்டில் ஏறி நின்றாள்.

பேசினாள். காற்று வந்தது. நீதிபதி மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். அப்படியும் அவருக்குக் கேட்கவில்லை, வயசான காது. தட்டச்சு செய்கிற அம்மா கையை விரித்தார். காதில் விழுந்தால்தானே அடிப்பார்?

"நான் தங்கச்சிங்க. எனக்குப் புரியும், நான் சொல்றேன்" என்று ஓடினேன்.

டாக்டரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கூடாதுங்கய்யா. சொந்தக்காரங்க ஒண்ணுக்கு ரெண்டா கூட்டிச் சொல்லுவாங்க."

"நியாயம்தான்" என்றார் நீதிபதி. "கண்டிப்பா கூட்டிச் சொல்ல மாட்டார்னு இந்த ரூம்ல ஒருத்தரத்தான் நம்பலாம். டாக்டர், நீங்க வாங்க. பக்கத்துல நின்னு கேட்டு உரக்கச் சொல்லுங்க. குறைச்சுச் சொன்னா அந்தம்மா இல்லன்னு தலையாட்டட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும். வக்கீல் உட்கார மறந்து நின்றார்.

டாக்டர் குனிந்து அக்காவின் வாயருகே காதைக் கொண்டுபோனார். "அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"அந்த 'அவங்க' வேணாம். சாட்சி சொல்றபடியே வரட்டும்."

"நான்... சந்தையில ஏலம் கூப்பிடறவ" என்றார் டாக்டர். யாரும் சிரிக்கவில்லை. "மயக்கம் தெளிஞ்சதும் குரல் வரலன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். சரியாயிடும்னு சொல்லிக்கிட்டே அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். நின்னு கேக்கல. வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டேன்."

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். அவர் மறுபடி குனிந்து கேட்டார்.

"வீட்டுக்கு வந்து கதறினேன். அதுக்கும் சத்தம் வரல."

அந்தக் கனத்த ஆண்குரலில் என் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷனை எத்தனை முறை மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்! இப்போது கைகூப்பத் தோன்றியது, யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. வியர்வை வழிய அத்தனை பேர் நிற்கிறார்கள், விசிறியைப் போடச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அக்கா கடைசியாக ஏதோ சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"அந்த நரம்ப அவர் தேடிப் பாத்தாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும்."

தட்டச்சு ஓடி நின்றது. வேண்டாம் வேண்டாம் என்று அவருடைய வக்கீல் கீழிருந்து கையசைத்தார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"தேடல."

தட்டச்சு அம்மா தலை தூக்கினார். "இதுவும் சாட்சி சொன்னதுங்களா?"

"இல்லம்மா, இது நான் சொல்றது. டாக்டர் சொன்னார்னே போடுங்க."