மூன்றாம் பாட்டின் மூச்சு

படிகளில் இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தாள், இந்த லிஃப்ட் இன்றைக்குப் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும், நாலாவது மாடியில் வானொலி நேரலை தொடங்கப்போகிறது, அவளுக்கோ மூச்சு வாங்குகிறது... மூச்சு, ஆமாம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மூச்சுதான் காரணம். புது இந்திப் படத்தின் மூன்றாம் பாட்டில், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது பாடகி எடுக்கும் மூச்சு, லேசாகத் தடுக்கி, அழுகையா சிரிப்பா என்று பிடிபடாமல், அதைக் கேட்ட மயக்கத்தில்தான் இன்று காலைப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். அவள் மட்டுமா, விமர்சகர்கள் அத்தனை பேரும் அதே குரலைத் தலைமேல் வைத்து ஆடியிருந்தார்கள். பாட்டு வெளியானதும் காலையில்தான். மதியத்துக்குள் ரசிகர்கள் அவர்களைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்கள். எங்கே மூச்சு, எங்கே தடுக்கல், பாடகி தூக்கத்தில் பாடியிருக்கிறாள், விமர்சகர்கள் விலைபோய்விட்டார்கள்... அது மட்டும்தான் சுருக்கென்றது. ரசனை கெட்டவள் என்று சொல்லட்டும், சிரித்துவிட்டுப் போகலாம், விலைபோனவள் என்றால்? இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் பழைய பேப்பர்தானே? கூடப்பிறந்த தம்பியே 'அக்கா, எதுக்கும் காது டாக்டரைப் பாத்துடு' என்று செய்தி அனுப்பியிருக்கிறான், கணவர் 'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றார், அந்தத் தொனிக்குத் தம்பியே தேவலை.

ஸ்டூடியோவில் காது டாக்டர் இல்லை, பல் டாக்டர் இருந்தார், அந்தப் படத்தின் இசையமைப்பாளருக்கு ரசிகர் மன்றத் தலைவர். "உக்காருங்கம்மா, வலிக்காது" என்றார், பார்க்கிற தொழில் பேச்சிலும் வரும்போல. சிவப்பு விளக்கு எரிந்தது. பதினைந்து வருஷ ரசிகன் நான், என் தலைவன் மெட்டை ஒரு வரி குறைத்தாலும் சண்டைக்கு வருவேன், ஆனால் இந்தப் பாட்டில் உயிர் இல்லை, இருக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான் எங்களுக்கு அவமானம் என்று அவர் அடுக்க அடுக்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, இந்த மனுஷன் பொய் சொல்லவில்லையே, கண் கலங்கியல்லவா பேசுகிறார், இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவருக்கு அந்த மூச்சு எப்படிக் கேட்காமல் போகும்? நிகழ்ச்சி நடத்துகிறவர் இருவரையும் பார்த்தார், பாட்டையே போட்டுவிடுவோம் என்றார். எழுதிய பிறகு ஒரு பாட்டை மறுபடி கேட்பதில்லை என்பது அவள் வைத்திருந்த விரதம், தீர்ப்பு ஆட்டம் காணக்கூடாது பாருங்கள். இன்று அது உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பட்டுத்துணி போல ஒரு குரல், பேர்போன பாடகியின் குரல், எங்கும் சுருக்கமில்லை, உயிரும் இல்லை... இது யார்? இது அவள் கேட்ட குரலே இல்லையே!

பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மைக் அணைந்திருந்தது. போனை எடுத்து மூலைக்கு ஓடினாள், விமர்சகர்களுக்கெல்லாம் முன்கூட்டியே லிங்க் அனுப்பிய இசைக் கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண், காத்திருந்தவள் மாதிரி. "லிங்க் மாறிப்போச்சு மேடம். நீங்க எல்லாரும் கேட்டது டம்மி." டம்மி! பெரிய பாடகி வந்து பாடும்வரை மெட்டுக்கு யாராவது பாடி வைப்பார்களே, அது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பல் டாக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள், அட, என் காதும் சரி, அவர் காதும் சரி, காலையிலிருந்து இரண்டு தரப்பும் வேறு வேறு பாட்டுக்கல்லவா மல்லுக்கு நின்றோம்! இதோ விளக்கு எரிந்ததும் ஊருக்கே சொல்லிவிடலாம், டாக்டருக்கு அந்தக் குரலைப் போட்டே காட்டலாம், கண்ணாலேயே கட்டிப்பிடித்துக்கொள்வார் மனுஷன்... ஆனால், ஒரு நிமிஷம். போன தடவை ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று முறை மன்னிப்புக் கேட்டவளாயிற்றே இந்தப் பெண், இவள் எப்படி லிங்க்கை மாற்றி அனுப்பினாள், அதுவும் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும்? நிகழ்ச்சி நடத்துகிறவர் கையைக் காட்டினார், பாட்டு முடியப்போகிறது.

"இதை இப்ப ரேடியோவுல சொல்லப்போறேம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆனா ஆகட்டும் மேடம், சொல்லுங்க." குரல் நடுங்கியது, பயத்தில் என்று தோன்றவில்லை. "நீங்க எழுதினதை எங்க அம்மாவுக்கு நாலு தடவை படிச்சுக் காட்டிட்டேன்."

"அம்மாவுக்கா? எதுக்கு?"

"அந்த டம்மி... பாடினது நான்தான் மேடம்."