ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டி

காலையிலிருந்தே முதலாளி சோதனைத் தடத்தின் ஓரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி அவருடையது. ஒழுகுகிற ஷெட்டில், இரண்டு மெக்கானிக்குகளோடு ஆரம்பித்தது. எந்தப் புது மாடலையும் முதலில் அவரே ஓட்டிப் பார்ப்பார். இந்த முறை கண் டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டதால், புது மாடலை மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கை இன்னும் ஒரு வாரம் பார்க்கணும்பா" என்று அவள் கேட்டிருந்தாள். "கண்காட்சி நமக்காகக் காத்திருக்குமா?" என்று அவர்தான் வாயை அடைத்தார். அதே மாடலில் இன்னொரு வண்டியை, வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று கண்காட்சிக்கு அனுப்பியும் விட்டார்.

இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது சுற்றில், தூரத்து வளைவுக்கு அப்பால் இன்ஜின் சத்தம் வீறிட்டது. பிறகு சத்தமே இல்லை.

"கண்ணாடி போடாம எட்டி எட்டிப் பார்த்தா வண்டி எப்படித் தெரியும் மச்சான்?" விற்பனையைக் கவனிக்கும் மைத்துனர் சிரித்தார். முதலாளி வேட்டை நாய் துரத்தியதுபோல் ஓடினார். மூச்சு முட்டியது.

வளைவைத் தாண்டி வண்டி மணலில் புதைந்து நின்றது. மகள் கீழே உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில்.

"பிரேக் மிதி தரை வரைக்கும் போயிடுச்சுப்பா. கியரைக் குறைச்சுக் குறைச்சு மணல்ல விட்டேன்."

"அடி ஏதாவது பட்டுச்சாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கண்காட்சி வண்டி? அதை யாராவது ஓட்டிட்டா?"

அவர் போனை எடுப்பதற்குள் மைத்துனர் வந்துவிட்டார். "இப்ப வண்டியைத் திரும்ப எடுத்தா மானம் கப்பலேறிடும் மச்சான். பத்திரிகைக்காரன் பூரா அங்கதான் இருக்கான்."

"ஏறட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்காட்சி மேலாளர் எடுத்தார். "ஐயா, ஒருத்தர் இப்பதான் சாவி வாங்கிட்டுப் போனார். சின்னக் குழந்தையோட."

"ஓடுய்யா! குறுக்கே விழுந்தாவது நிறுத்து!"

போனில் காலடி, கூச்சல், ஹாரன். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் தெய்வத்தைக் கூப்பிடக்கூட மறந்து நின்றார்.

"நிறுத்திட்டேன் ஐயா," மேலாளர் இரைத்தார். "வாசல்லயே மறிச்சிட்டேன். கண்டபடி திட்டுறார்."

"திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்."

மறுநாள் பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. 'ஓடாத கார்' என்று ஒருவன் கேலிச் சித்திரமே போட்டான். முதலாளி எல்லாவற்றையும் முழுக்கப் படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"வண்டியை வெளியிடுற அடுத்த தேதியை நீ சொல்லும்மா. அதுவரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஆறு மாசம் ஆகும்பா."

அவர் ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினார்.