விக்கி நிற்கும் லொறி

...பின்னேரம் வந்து இதுக்கொரு முடிவு கட்டுறன் என்று சொல்லிக்கொண்டே அல்பேட் லொறியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு எழும்பினார், கணினித் திரைக்குள் ஓடுகிற லொறி அது, பலேர்மோத் துறைமுகத்தில் இறக்கவேண்டிய சுமை அதன் பின்னால், பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உண்மையான துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர் மத்தியானம் நெஞ்சைப் பிடித்தபடி அங்கேயே விழுந்துவிட்டார்... அந்தச் சுமையை இறக்கிவிட வேண்டும், சறோஜா வேறென்ன கேட்கிறாள், புருஷன் தொடங்கியதில் ஒன்றையாவது முடித்துவைக்கக் கூடாதா? ஆனால் லொறி விக்குகிறது. கொஞ்சம் ஓடும், படம் உறையும், மறுபடி துள்ளும். இவள் வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோறா வேண்டாமென்று தந்த பழைய கணினி, விண்டோஸ் தாங்காது என்று அல்பேட்தான் லினக்ஸ் போட்டார், இப்போது இணையத்தில் யாரோ இத்தாலியனில் எழுதிவைத்த கட்டளைகளை இவள் எழுத்தெழுத்தாய்ப் பார்த்து அடிக்கிறாள், கடவுச்சொல் கேட்கிறது, அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை, விசைப்பலகையும் செத்துவிட்டதா... இல்லை, அது காட்டாமலே வாங்கிக்கொள்ளும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தாயிற்று, நிழல்களை அணைத்தாயிற்று, மழையை, றோட்டோர மரங்களை... மொட்டை றோட்டிலும் அதே விக்கல், சனியன்!

குசினிக்குள் இருந்து அவருடைய தங்கை அனிற்றா எட்டிப் பார்க்கிறாள். "முப்பத்தொண்டாம் நாள் இன்னும் கழியேல்லை, செத்தவீட்டிலை ரீவிகூடப் போடேல்லை, நீங்கள் கேம் விளையாடுறியளோ மச்சாள்?" "விளையாடேல்லையடி, சுமை இறக்கப் போறன்." "லைசென்சும் இல்லாமலோ?" கேட்டுவிட்டு அவளே சிரித்து, சிரித்த வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெழுகுதிரி அணைந்திருந்தது, அதையாவது ஏற்றுவோம்... கணினிப் பெட்டியின் மேல் மடு மாதா சுரூபம், வெறும் தகரத்தில் மாதாவை வைக்கலாமா என்று சறோஜா நாலு பக்கமும் தொங்க விரித்த வெள்ளைப் பின்னல்துணி, அதில் கை பட்டது, சுட்டது. மாதாவைத் தூக்கி யன்னலில் வைத்துவிட்டுத் துணியை உருவினாள், அடியில் மூடிக்கிடந்த காற்றுப்போகும் ஓட்டைகளில் இருந்து அடுப்புப்போல அனல் முகத்தில் அடித்தது. பெட்டி ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்து லொறியை எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இவ்வளவுதானா? மாதக்கணக்காய் அவர் பல்லைக் கடித்ததும், டிரைவரைத் திட்டியதும், ஒவ்வொரு ஞாயிறும் எதையோ அழித்து எதையோ ஏற்றியதும் இந்தத் துணிக்காகவா? அவருக்கு எப்படித் தெரியாமல் போனது... மாரியில் ஒருநாள் வேலையால் வந்து, விறைத்த கையை இதே துணியில் வைத்து, "இஞ்சரும், மாதாவுக்குக் காய்ச்சல்போலக் கிடக்கு" என்றாரே, "மாதாவோடை பகிடி வேண்டாம், கையை எடுங்கோ" என்று இவள் அதட்ட, "சரியப்பா, சரி" என்று எடுத்துக்கொண்டாரே... தெரிந்துதான் விட்டுவைத்தாரோ? இல்லை, வெறும் பகிடிதானோ? இனி யாரிடம் கேட்பது? விசையில் இருந்து விரல் எடுபட்டது, துறைமுகத்து வாசல் தெரிகிற தூரத்தில் லொறி மெல்ல நின்றது, சுமையோடு. மடியில் கிடந்த துணியில் இளஞ்சூடு இன்னும் ஒட்டியிருந்தது.