வெள்ளீயம்

பத்தேகால் மணிக்கே பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. கூட்ட அறையின் ஏ.சி. ஒழுகியதில் தரைவிரிப்பின் ஒரு மூலை நனைந்து ஈரத்துணி நாற்றம் அடித்தது. ஐஸ்காரர் வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே திரையைக் காட்டிப் பேசினார். துகள்கள் மேஜையில் விழுந்தன. அவற்றைச் சட்டைக் கையால் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் தள்ளினார். பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டிக்கொண்டே அவற்றைத் துடைத்தார்.

திரையில் ஒரு கோடு. குளிரக் குளிர மெல்ல இறங்கி வந்த மின்தடை, ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்தது. மின்தடை பூஜ்யமானால்தான் மீக்கடத்தி. கோடு பூஜ்யத்தைத் தொடவில்லை. தொட்டுவிட்டதைப் போலத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புது மீக்கடத்தி," என்றார் ஐஸ்காரர். "நம்ம எல்லாரோட பேருலயும்."

கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. அந்த வெப்பநிலை அவளுக்குத் தெரிந்ததுதான்.

இந்தக் கூட்டமைப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் படிகம் வளர்ப்பவள், அதனால் விவசாயி. ஹீலியத்தில் குளிர்வித்து அளப்பவர் ஐஸ்காரர். பேப்பரும் பென்சிலும் மட்டும் போதுமென்று கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கோட்பாட்டுக்காரர் சாமியார். நான்கு வருடங்களுக்கு முன் இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். படிகம் உள்ளவரிடம் குளிர்விக்கும் கருவி கிடையாது. கருவி உள்ளவரிடம் அளக்க உருப்படியாக ஒன்றும் கிடையாது. அவள்தான் ஒவ்வொரு ஆய்வகமாக ஏறி இறங்கினாள். காத்திருந்தாள், சிரித்தாள், எல்லோருடைய பழைய சண்டைகளையும் கேட்டுத் தலையாட்டினாள். எல்லோரும் அளவீடுகளைப் போட்டுவைக்க இணையத்தில் ஒரு பொது இடம் ஏற்பாடு செய்தாள். அதற்கு யாரோ அண்டா என்று பெயர் வைத்தார்கள். அளந்தது நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே அண்டாவில் விழ வேண்டும். எல்லோரும் சரி என்றால்தான் கட்டுரை வெளியே போகும். ஒருவர் மறுத்தாலும் நிற்கும். அந்த விதிகளை எழுதியவள் அவள். அன்றைக்கும் இப்படித்தான் கை தட்டினார்கள்.

"சார், வெள்ளீயம் சரியா அதே டெம்பரேச்சர்லதான் மீக்கடத்தியாகும்," என்றாள்.

உருகிய வெள்ளீயத்துக்குள்தான் அவள் படிகங்களை வளர்ப்பாள். வடித்தெடுத்த பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலத்தில் கழுவிவிட்டு அளக்கச் சொல்லி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதித்தான் அனுப்புவாள்.

"அதுகூடத் தெரியாமயா முப்பது வருஷம் ஹீலியத்தோட குப்பை கொட்டறேன்?"

"கழுவிட்டுத்தானே அளந்தீங்க?"

"முதல்ல கழுவல. அப்புறம் கழுவியும் பார்த்தேன்."

"என்ன ஆச்சு?"

"கோடு விழல."

பஸ் வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். அந்த அளவீடு அண்டாவில் இல்லை. இல்லை என்பது இப்போது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் நிமிரவில்லை.

சாமியார் கண்ணைத் திறந்தார். "அதுலதாங்க அழகே இருக்கு. மீக்கடத்தல் படிகத்தோட மேல்தோல்ல நடக்குது. அமிலம் அந்தத் தோலை உரிச்சிடுச்சு. விழாததுதான் நமக்கு ஆதாரம்."

"அந்த அமிலம் படிகத்தைத் தொடாதுங்க. வெள்ளீயத்தை மட்டும்தான் தின்னும்."

"அப்படித்தான் நாம இவ்வளவு நாளா நம்பிட்டிருந்தோம்."

சிரித்தார்கள். போன வருடம் கம்பிகளை மாற்றிப் பொருத்தி ஒரு வரைபடம் தலைகீழாக வந்தபோது சாமியார் அதற்கும் காரணம் சொன்னார். நிமிர்த்தியபோது நிமிர்ந்ததற்கும் சொன்னார். அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்போது அந்த மிருதுவான குரலைக் கேட்கையில் எண்ணெய்க் கையால் யாரோ தன் கன்னத்தைத் தடவுவதுபோல இருந்தது.

"போன வாரம் அண்டாவுல ஒரு மைக்ராஸ்கோப் படம் இருந்துச்சு," என்றாள். "படிகத்து மேல முத்து முத்தா வெள்ளீயம். இப்ப அதைக் காணோம். யார் எடுத்தது?"

"என்னை எதுக்கும்மா பாக்கற? நான் எடுக்கல," என்றார் ஐஸ்காரர். "முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். வெறும் வயித்துல விவசாயிக்குக் கோவம் வருது."

கழிப்பறைக்கு வெளியே கை கழுவும் தொட்டி. சோப்புப் புட்டியின் வாயில் முந்தைய கைகளின் பிசுக்கு. அவள் சோப்பைத் தொடாமல் வெறும் தண்ணீரில் கழுவினாள். பின்னால் வாத்தியார் வந்து நின்றார். சின்னக் கல்லூரிக்காரர். சாமான் போட்டு வைக்கும் அறையில் ஒரு மைக்ராஸ்கோப், அதுதான் அவருடைய ஆய்வகம். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதெல்லாம் என்று அவள் வீட்டில் சொல்லுவாள். வெளியிலும் சொல்லியிருக்கிறாள், மேடைகளில்.

"அக்கா, அந்தப் படத்தை அண்டாவுலேருந்து நான்தான் எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. போட்டதும் நான்தான், எடுத்ததும் நான்தான்."

அவள் குழாயை மூடவில்லை.

"இந்தப் பேப்பர் வந்தா எங்க டிபார்ட்மென்ட்டை மூட மாட்டாங்க," என்றார் வாத்தியார். "உங்களுக்கென்னக்கா, நீங்க எங்க போனாலும் பொழைச்சிக்குவீங்க. ஐஸ்காரர் முறுக்கிக்கிட்டுப் போயிட்டா எங்களுக்கு யாரு அளந்து தருவாங்க? நீங்க கட்டினதை நீங்களே உடைக்காதீங்க. தப்புன்னு ஆனா அடுத்த பேப்பர்ல திருத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"அந்த முத்து என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்கா. வெள்ளீயம்."

தயங்காமல் சொன்னார். மாணவனிடம் கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லும் ஆசிரியரின் தெளிவு. நெற்றி வியர்த்திருந்தது. கைக்குட்டையை நான்காக மடித்துத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்பாகவே உள்ளே போனார்.

ஐஸ்காரர்மேல் அருவருப்புப்படுவது சுலபமாக இருந்தது. அவர் வாய், அவர் துகள்கள், அவர் சட்டைக் கை. வாத்தியாரிடம் அது ஒட்டவில்லை. போன வேகத்தில் திரும்பி அவளிடமே வந்தது. தொட்டியின் மேல் குனிந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். குழாயை மூடினாள். கண்ணாடியில் வாயோரம் எச்சிலோடு ஒரு பெண், மேடையில் சிரிக்கப் பழகிய முகம்.

சரி என்று சொல்லிவிட்டால் கூட்டமைப்பு இருக்கும். அடுத்த வருடம் இன்னும் பெரிய அறை, இன்னும் நிறையப் பேர். அவளுடைய படிகங்கள் எல்லோருக்கும் போகும். எதைக் கழுவினார்கள், எதைக் கழுவவில்லை என்று அவள் இனிமேல் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். மறுத்தால் கட்டுரை நிற்கும். ஐஸ்காரர் போய்விடுவார். அவர் பின்னால் பாதிப் பேர் போவார்கள். முதல் ஆளாக வாத்தியார்.

உள்ளே புதிதாக ஒரு தட்டு பிஸ்கட் வந்திருந்தது. ஐஸ்காரர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். சரி. சரி. சாமியார் கண்ணைத் திறக்காமலே சரி என்றார். வாத்தியார், தன்னைக் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"விவசாயி?"

"இல்ல," என்றாள்.

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். அவ்வளவு மெதுவாகத் தன்னால் கோப்பை வைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஐஸ்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. நாக்கால் கடைவாய்ப் பல்லைத் துழாவி எதையோ எடுத்து விழுங்கினார்.

"ஒருத்தர் மறுத்தா நிக்கணும் சார். விதி அது," என்றாள்.

"யாரு இல்லேன்னு சொன்னா? கட்டுரையில பேர் இருக்கறவங்களுக்குத்தானேம்மா அந்த விதி."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. சாமியாருக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் லேசாக விரிந்தது, நல்ல சமன்பாட்டைப் பார்த்தால் விரிவதுபோல. அவள் மேஜையைச் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் குனிந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மேஜை விளிம்பில் காய்ந்துபோயிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். வர மறுத்தது. விடாமல் சுரண்டினார்.

ஐஸ்காரர் தட்டை மேஜையின் நடுவே நகர்த்தி வைத்தார்.

"விவசாயி பேரை எடுத்துட்டா, மிச்ச எல்லாரும் சரின்னு சொல்லியாச்சு. அப்படியே அனுப்பிடலாம். யாருக்காவது மறுப்பு இருக்கா?"