தரவையில் ஒரு நகரம்

1

இந்த ஊர் என்னுடையதல்ல. 1988இல், ஜெர்மனியின் ஹாம் நகரத்து அகதி முகாமின் பொதுக் குசினியில், உருளைக்கிழங்கு உரித்தபடி லீடியா சொன்ன ஊர். கசகஸ்தானிலிருந்து வந்த ஜெர்மன்காரி; என் வயது. எழுதட்டுமா என்று கேட்கவே எனக்குப் பல நாள் பிடித்தது.

"எழுது. வடிவாக்காதை."

(அழகுபடுத்தாதே என்று ஜெர்மனில்தான் சொன்னாள். என் கையில் யாழ்ப்பாணத்துக்காரியாகிவிட்டாள்.)

2

முதல் தொடக்கம்: பச்சைப் புல்வெளியின் நடுவே ஒரு சிறு

வெட்டினேன். அங்கே பச்சை வசந்தத்தில் மட்டும்தான்.

அடுத்தது: தரவையில் ஒரு நகரம் இருந்தது. (யாழ்ப்பாணத்தில், எங்கள் வேலணைப் பக்கம் மாடு மேயும் வெறும் புல்நிலத்தைத் தரவை என்போம்.)

என் அறையிலிருக்கும் சிவமலர் அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"தரவையிலை ஆர் பிள்ளை கோதுமை விதைக்கிறது? மாடு என்னத்தைத் தின்னும்?"

அக்காவின் கேள்வியை லீடியாவிடம் சொல்லி, சொல் பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பிழையில்லை. அங்கை குதிரை மேய்ச்ச கசக் ஆக்களும் இதைத்தான் கேட்டவை."

3

ஆகவே வரலாறு. முதலில் ஒரு ரயில் நிலையம். பிறகு போர்க்காலத்தில் சோவியத் அரசு அங்கே நாடுகடத்திய ஜெர்மன்காரர். பிறகு உழவு இயந்திரங்கள். தானியக் களஞ்சியம் எழுந்ததும் நகரம் என்று பெயர் வைத்தார்கள். நான் தாவரவியல் படித்தவள். ஒரு வரி சொல்லலாம்: அந்த மண்ணைப் புல்லின் வேர்தான் பிடித்து வைத்திருந்தது. உழுத சில ஆண்டுகளில் காற்று அதை அள்ளிப் போனது.

ஊரின் குணம்: பிடிவாதம். காற்றை மறிக்க மரம் நட்டார்கள். பட்டுப்போனது. திரும்பவும் நட்டார்கள். லீடியாவின் அம்மாவும் நட்டார்.

[அம்மாவின் முகத்தை வர்ணித்திருந்தேன். நான் பார்க்காத முகம். எடுத்துவிட்டேன்.]

4

அம்மா இன்னும் அங்கேதான். வீட்டை விற்றுவிட்டு வரவா என்று கேட்கிறார். விற்றால் திரும்பிப் போக இடமில்லை. சனிக்கிழமை லீடியா தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்களும் வந்தனீங்கள்தானே. வரச் சொல்லட்டோ?" என்று லீடியா எங்கள் இருவரையும் கேட்டாள்.

"எங்களை ஆர் கேட்டது?" என்றார் சிவமலர் அக்கா. "ஷெல் விழுந்தது, ஓடி வந்தம். சொல்லு பிள்ளை அவளுக்கு."

சொன்னேன்.

5

முடிவு அ: அம்மா வருகிறார். முகாமின் யன்னலைத் திறக்காமல் இருக்கிறார்.

முடிவு ஆ: வரவில்லை. மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

இரண்டையும் லீடியாவுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"ரெண்டிலையும் அம்மா தனியத்தான் இருக்கிறா. நான் எங்கை?"



6

சனிக்கிழமை. தபாலகத் தொலைபேசிக் கூட்டுக்குள் லீடியா. வெளியே நான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைகிறது. என்ன சொன்னாள் என்று பிறகு கேட்கலாம். கேட்கமாட்டேன், அந்த வசனம் அவளுடையது.

நீங்கள் வேண்டுமானால் மூன்றாவது முடிவை எழுதுங்கள். எங்கே வைத்தாலும் சரி, அம்மாவைத் தனியே விடாதீர்கள்.