அக்கா பிசைந்த மாவு

எழுபத்திரண்டாம் வருஷம் மாசியில் சகாயமேரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். ஆவணியில் அவள் தங்கை கிரேசியை அதே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் எவளோ ஒருத்தி கையில் கொடுக்க மனசு வரவில்லை என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கிரேசியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

அக்கா புருஷன் மைக்கேல்ராஜுக்குப் பல்லாவரத்தில் தோல் கிடங்கு வேலை. விடியும் முன்பே சைக்கிளில் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயிலைப் பிடிப்பான். அதுவரை மாமா என்று கூப்பிட்டவனை இனி எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், கிரேசி எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள்.

மூத்தவள் பிலோமினாவுக்குப் பத்து வயது. அவளுக்குக் கிரேசி முன்பும் சித்தி, இப்போதும் சித்தி. ஆனால் முன்பு சித்தி என்றால் வாசலில் தலை தெரிந்ததுமே ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டியவள். இப்போது ஊர்ப் பெண்கள் அதே வார்த்தையைக் குரல் தாழ்த்திச் சொன்னார்கள். பிலோமினா அதைச் சொல்வதையே விட்டுவிட்டாள். தட்டை வைத்தால் சாப்பிடுவாள், தலையைப் பின்ன உட்கார் என்றால் உட்காருவாள். இளையவன் பாபுவுக்கு நாலு வயது. யார் சோறு ஊட்டினாலும் அவனுக்கு அம்மாதான்.

மார்கழி பிறப்பதற்குச் சற்று முன்னால் பிலோமினா பரணில் ஏறி ஒரு பிஸ்கட் தகர டப்பாவை இறக்கினாள். துக்க வருஷம், வீட்டில் நட்சத்திரம் கட்டக் கூடாது என்று மைக்கேல்ராஜ் முன்பே சொல்லியிருந்தான். அவள் கட்டப் போகவில்லை. பழைய செய்தித்தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைதா மாவில் செய்து காயவைத்த பொம்மைகள். நட்சத்திரம், புறா, ஒட்டகம், ஒரு கொம்பு உடைந்த மாடு. கல்யாணத்துக்கு முன் தாம்பரத்தில் கன்னியர் மடத்துச் சமையலில் இருந்தபோது சகாயமேரி கற்றுக்கொண்டு வந்தது அது. வருஷா வருஷம் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்து சவுக்குக் கிளையில் தொங்கவிடுவாள்.

கிரேசி அருகில் போய் உட்கார்ந்து புறாவை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது எங்கம்மா செஞ்சது" என்றாள் பிலோமினா. கிரேசி கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெண் பள்ளிக்கூடம் போன பிறகு கிரேசி டப்பாவைத் திறந்தாள். நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் அக்காவின் கட்டைவிரல் ரேகை இருந்தது. மாவை அழுத்திச் சமப்படுத்தியபோது பதிந்தது. சுழி சுழியாக, நடுவில் அரிவாள்மனை வெட்டிய பழைய தழும்போடு. கிரேசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது.

சனிக்கிழமை அவளாகவே ஒரு படி மைதா வாங்கிவந்து பிசைய உட்கார்ந்தாள். பாபு குதித்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். பிலோமினா வாசற்படியில் நின்று பார்த்தாள். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உப்பு போடலியே. பூச்சி வெச்சிடும்" என்றாள்.

"எவ்ளோ போடணும்?"

"பாதிக்குப் பாதி. தூள் உப்பு."

கல் உப்பைப் பெண்ணே அம்மியில் நுணுக்கிக் கொண்டுவந்தாள். டம்ளர் வாயால் வட்டம் வெட்டினாள். நூல் கோக்க ஈர்க்கால் துளை போட்டுக் காட்டினாள். கிரேசி செய்த ஆடு எலியைப் போல இருந்தது. பாபு அதைச் சொல்லிச் சிரிக்க, பிலோமினாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்கியதை ஆவணிக்குப் பிறகு கிரேசி அன்றுதான் பார்த்தாள். அடுத்த வருஷம் எல்லாப் பொம்மையும் ஒன்றாகத் தொங்கட்டும் என்று பழைய டப்பாவையும் பெண்ணே எடுத்துவந்து வைத்தாள். பிறகு சாயத்துக்கு நீலம் வாங்கக் கடைக்குப் போனாள்.

தூறல் விழுந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த விறகை உள்ளே போடக் கிரேசி எழுந்து போனாள். அவள் திரும்பியபோது டப்பா காலியாக இருந்தது. பத்து நாள் அடைமழையில் பழைய பொம்மைகள் ஈரம் வாங்கி நமத்துப் போயிருந்தன. பாபு அவற்றைத் தண்ணீர்ச் சொம்பில் முக்கி, புது மாவோடு சேர்த்து இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தான்.

"எல்லாம் புச்சா செய்லாம்மா" என்றான்.

கிரேசி மாவைப் பிடுங்கிப் பிரித்துத் தேடினாள். உடைந்த துண்டாவது, ஒரு ஓரமாவது கிடைக்குமா என்று பார்த்தாள். விரலில் கூழ்தான் வந்தது.

பிலோமினா நீலப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள். தம்பியைத் தாண்டி வந்து நின்றாள்.

"நீதான் உட்டுட்டே" என்றாள் கிரேசியிடம். "எங்கம்மாவோடது ஒன்னும் இந்த வூட்ல இருக்கக் கூடாது உனக்கு. அதுக்குத்தானே வந்துகீறே."

அடிக்கக் கை எழுந்தது. எழுந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கிரேசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அவ எனக்கு அக்காடி" என்றாள். "உனக்கு அம்மா ஆவறதுக்கு முன்னாடியே எனக்கு அக்காடி அவ."

பிலோமினா திகைத்துப் போனாள். கிரேசி அழுது அவள் பார்த்ததில்லை. சவ ஊர்வலத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பாபு பயந்து அழ ஆரம்பித்தான். கிரேசி முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் மறுபடி அழுவதுமாக இருந்தாள்.

நெடுநேரம் கழித்துப் பெண் சுவரோரமாக வந்து உட்கார்ந்தாள். "அம்மா சின்ன வயசுல எப்டி இருந்துச்சு சித்தி?" என்று கேட்டாள்.

கிரேசி சொன்னாள். ஏரியில் துணி துவைக்கப் போய், முழுகவிருந்த தங்கையை மயிரைப் பிடித்து இழுத்துப் போட்ட கதை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சிரித்ததற்காக இருவரும் முழங்காலில் நின்ற கதை. பெண் அப்பறம், அப்பறம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கல்யாணம் வந்தது, பிலோமினா பிறந்தது வந்தது, பாபு பிறந்தது வந்தது. அதற்குப் பிறகு கிரேசி நிறுத்திவிட்டாள். பெண்ணும் கேட்கவில்லை. கண் மஞ்சளாகிப் போனவளை ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஏற்றிய நாள் இருவருக்குமே தெரியும்.

அந்த மாவை எறியவும் மனம் வரவில்லை, கிளையில் தொங்கவிடவும் மனம் வரவில்லை. இரண்டு பேருமாக மறுநாள் அதில் பொம்மைகள் செய்தார்கள். மழையில் அவை சரியாகக் காயவேயில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் நான்கு பேரும் கல்லறைக்குப் போனார்கள். மைக்கேல்ராஜ் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினான். பிலோமினா ஈரப் பொம்மைகளை வரிசையாக வைத்தாள். வைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூற ஆரம்பித்தது. நட்சத்திரங்களின் முனைகள் கரைந்து வெள்ளையாக மண்ணில் இறங்கின. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பாபு கிரேசியின் இடுப்பிலிருந்து சிணுங்கினான்.

"இருக்கட்டும்டா" என்றாள் பிலோமினா. பிறகு கிரேசியிடம் இரண்டு கையையும் நீட்டினாள். "அவன என்கிட்ட குடு சித்தி. நாங்க கேட்டாண்ட நிக்கறோம். நீ மெதுவா வா."

அப்பாவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அவள் நடந்தாள். கிரேசி அக்காவின் அருகில் முழங்காலிட்டாள்.